தாத்தாவுக்கு வயது இருபத்திரண்டு

வெளிநாடு போய்வருகிறவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போய்வந்தது திருநெல்வேலிக்கு. பெரம்பூரில் பிறந்து, பெரம்பூரிலிருந்தே வேலைக்குப் போய், பெரம்பூரிலேயே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிற எனக்கு அதுவும் வெளிநாடுதான். எனக்கு மொழிபெயர்க்க மருமகள் இருந்தாள். அவளுக்குத்தான் மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் போயிற்று.

மருமகள் பெயர் இசக்கியம்மாள். தாமிரபரணி மலையைவிட்டு இறங்குகிற இடத்தில், நூல் மில்லைச் சுற்றி வளர்ந்த விக்கிரமசிங்கபுரத்துப் பெண். என் மகன் குமரன் தோஹாவில் இருக்கிறான். அவன் அங்கே குடும்பத்தோடு தங்க வீடு ஏற்பாடு செய்கிறவரை, அவள் தன் அம்மா வீட்டிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. படித்து முடிக்கலாம் என்று திருமணத்தின்போதே பேச்சு. பெண் பார்க்கப் போன அன்று, "சமூக சேவை செய்யறதுக்கு எதுக்கும்மா முதுகலைப் பட்டம்?" என்று கேட்டேன். "சேவைக்கு வேண்டாம், வேலைக்கு வேணும்" என்றாள். அந்தப் பதிலுக்காகத்தான் நான் சம்மதித்தேன். குமரன் எதற்காகச் சம்மதித்தான் என்று தெரியாது.

கடைசிப் பருவத்தில், களப்பணித் தேர்வில் அவள் தோல்வி என்று போட்டுவிட்டார்கள். போகாத வீட்டுக்குப் போனதாகப் பொய் அறிக்கை எழுதினாளாம். குமரன் என்னைக் கூப்பிட்டான். "அப்பா, உங்களுக்குத்தான் இந்த ரூல்ஸெல்லாம் தெரியுமே. ஒருதடவை போய்ப் பாருங்க. சரி பண்ண முடிஞ்சா பண்ணுங்க. இல்லேன்னா கையோட கூட்டிட்டு வந்துடுங்க. இன்னொரு வருஷமெல்லாம் என்னால காத்துட்டிருக்க முடியாது."

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவன். எந்தக் கோப்பு எந்த மேஜையில் தூங்கும், எந்தச் சொல்லைப் போட்டு எழுதினால் அது விழிக்கும் என்பதெல்லாம் அத்துபடி. ஓய்வுக்குப் பிறகு அந்த அறிவை வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் சண்டை போடத்தான் முடிந்தது. அதனால் கொஞ்சம் உற்சாகமாகவே கிளம்பினேன் என்று சொல்ல வேண்டும்.

தெரிந்தவர்கள் எல்லோரும் அல்வா வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். அல்வாவைப் பற்றி இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரயில் சந்திப்புக்கு எதிரே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். சென்னையில் சாம்பார் வாளி நம்மைக் கேட்காமலேயே இலையில் கவிழும். இங்கே பரிமாறுகிறவர் வாளியோடு சும்மா நின்றார். நானும் சும்மா இருந்தேன். கடைசியில், "ஊத்தட்டுமா, அண்ணாச்சி?" என்றார்.

"இதை ஏன்ப்பா முதல்லயே ஊத்தலை?"

"கேக்காம எப்படி ஊத்த? உங்களுக்கு என்ன பிடிக்குமோ?"

இந்த ஊரில் எனக்குக் கிடைத்த கடைசி நியாயமான பதில் அது.

பாபநாசம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கைக்காரர் தொலைபேசியில், "சேரன்மாதேவி தாண்டிட்டேன்வே, இந்தா வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்வே பொய் சொல்லுதீரு? வண்டி இப்பதான் பேட்டையே தாண்டுது" என்றார். முதலாமவர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் தாண்டிட்டேன்வே. வண்டிதான் இன்னும் தாண்டல." பஸ்ஸே சிரித்தது. பொய் சொல்கிறவனை இவ்வளவு பிரியமாக நடத்துகிற ஊரில் உண்மை எழுதினவள் தோற்றிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஏதாவது தப்புச் செய்துதான் இருப்பாள், எப்படி மறைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

வீட்டில் சம்பந்தியம்மா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்திருந்தார். கணவர் மில்லில் வேலை பார்த்துக் காலமானவர். மகளின் தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி, பயணக் களைப்பு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரம்பூரில் உளுந்தை மாவாக்கித்தான் சாப்பிடுவோம். சோற்றோடு முழுசாக வேகவைத்துச் சாப்பிடலாம் என்று இந்த வயதில்தான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் இசக்கியிடம் விசாரணையைத் தொடங்கினேன்.

எம்.எஸ்.டபிள்யூ.வில் பாதிப் படிப்பு வகுப்பில், பாதி வெளியே. வாரத்தில் சில நாட்கள் ஏதாவது ஒரு குடும்பத்தோடு பழகி, அவர்களுக்கு ஆனதைச் செய்து, ஒவ்வொரு முறையும் அறிக்கை எழுத வேண்டும். இசக்கிக்குக் கிடைத்தது, ஆறு கடலில் சேருகிற பக்கம், புன்னக்காயலுக்கு முன்னாலேயே இருக்கிற ஒரு முஸ்லிம் கிராமம். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது, ஆட்களின் பெயரை மாற்ற வேண்டும் என்பது மருமகளின் கண்டிப்பு. ஆகவே சிறுமியின் பெயர் நஸீரா, அவள் அக்கா பெயர் மரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நஸீரா ஸ்கூலுக்குப் போகாம நின்னுட்டா மாமா. அம்மா இல்ல. தகப்பனார் சவூதியில. அவ அக்காதான் தையல் தச்சு வளக்கா. அந்த ஊர்ல அக்காவத் தாத்தாம்பாவ."

"தாத்தாவா?"

"ஆமா. தாத்தான்னா அக்கா. 'எனக்கு எல்லாம் தாத்தாதான்'னு அந்தப் புள்ளை சொன்னா. நானும் அப்படியே எழுதினேன். பேசுறவங்க சொன்ன வார்த்தைய மாத்தாம எழுதணும்னுதான கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாவ."

அறிக்கை ஆங்கிலத்தில். அதற்கு நடுவே தாத்தா மட்டும் தமிழாக, ஆங்கில எழுத்தில். நேர்முகத் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் கேட்டிருக்கிறார்: "அந்தத் தாத்தாவுக்கு என்ன வயசும்மா?"

"இருபத்திரண்டு சார்."

அறை சிரித்ததாம். இசக்கி விளக்கியிருக்கிறாள். தேர்வாளர் பெரிய மனதோடு, விஷயத்தைச் சரிபார்த்துவிட்டு மதிப்பெண்ணை முடிவுசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். சரிபார்க்கப் போனவர் கல்லூரியின் களப்பணி ஒருங்கிணைப்பாளர். வடக்கே வேறு மாவட்டத்துக்காரர், வேலைக்கு வந்து அதிக காலமாகவில்லை. தெருவில் நின்று, "அந்தப் பொண்ணோட தாத்தா, வயசானவர், வீட்ல இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார். எதிர்வீட்டு அம்மாள் யோசித்து, "அப்பாவையா கேக்கிறீங்க? அப்பா மௌத்தாகி எத்தனையோ வருஷமாச்சே" என்றிருக்கிறார்.

அந்த ஊரில் பெற்றவர் வாப்பா. அப்பா என்றால் பாட்டனார். ஒருங்கிணைப்பாளர் எழுதினார்: தாத்தா என்று யாரும் இல்லை, தந்தை இறந்து பல வருடங்கள் ஆகின்றன, மாணவியோ தந்தை சவூதியில் இருப்பதாக எழுதியிருக்கிறார், ஆகவே மாணவி அந்த வீட்டுக்குப் போனதே இல்லை.

நான் என் வாழ்நாளில் எத்தனையோ தப்பான குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கிற தப்பைப் பார்த்ததில்லை. என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். இசக்கி சிரிக்கவில்லை. "குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல ஆள் எடுக்காவ மாமா. எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சிருந்தாத்தான் மனுப் போடலாம். அதுக்காகத்தான் படிச்சேன். பாஸாயிருந்தா அவியகிட்ட இந்த வேலையச் சொல்லி, கொஞ்ச நாள் இங்கன இருந்துக்கிடுதேன்னு கேட்டிருப்பேன். இப்ப என்னத்தச் சொல்லிக் கேக்க?" என்றாள். அவிய என்றது என் மகனை.

மறுநாள் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போனோம். துறைத்தலைவர் அம்மையார் நல்லவர். நல்லவர்களிடம் வேலை நடக்காது என்பது என் அனுபவம். "இசக்கியப் பத்தி எங்களுக்குத் தெரியும் சார். ஆனா அறிக்கை மேல போயிட்டுது" என்று கூரையைக் காட்டினார். அவர் விரல் காட்டியது போன்ற ஒரு 'மேலே'யில்தான் நான் என் உத்தியோக காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அங்கே மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருங்கிணைப்பாளர் அறையில் பெரிய காது ஒன்றை வரைந்து, 'செவிகொடுத்துக் கேட்பதே முதல் உதவி' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். இளைஞர். மரியாதையாக நாற்காலி போட்டார்.

"வீட்டுக் கதவைத் தட்டினீர்களா?" என்றேன்.

"தட்டினா உஷாராயிடுவாங்க சார். சொல்லாம போய் அக்கம்பக்கத்துல விசாரிக்கறதுதான் முறை."

"அந்த ஊரில் அப்பா என்றால் பாட்டனார் என்கிறாள் மருமகள்."

"அது மாட்டிக்கிட்டப்புறம் சொல்ற கதை சார். அப்பான்னா அப்பாதான். அவங்க பேசறதும் தமிழ்தானே?"

அவர் நடத்துகிற பாடம் பண்பாட்டு வேறுபாடுகளை மதித்தல் பற்றியது என்று வெளியே வந்ததும் இசக்கி சொன்னாள். "நல்லாத்தான் நடத்துவாரு மாமா." அதில் கிண்டல் இல்லை.

அவரோடு வாதாடுவதில் பயனில்லை. மனிதன் சொன்னது தப்பா சரியா என்று எந்த அலுவலகமும் பார்க்காது. சொன்ன விதம் விதிப்படியா என்றுதான் பார்க்கும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு, மாணவிக்குத் தெரிவிக்காமல், ஒரே ஒருவர் போய் விசாரித்து, அதை வைத்து மதிப்பெண்ணை முடிவுசெய்திருக்கிறார்கள். இது எந்த விதியிலும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து மனுவை எழுதினேன். இசக்கி கையெழுத்துப் போட்டாள்.

அலுவலகக் கண்காணிப்பாளர் என் இனம். நரைத்த புருவம், சட்டைப்பையில் சிவப்பு மை. மனுவைப் படித்துவிட்டு, "எந்த செக்‌ஷன்ல இருந்தீய அண்ணாச்சி?" என்றார்.

"தேர்வுப் பிரிவு."

"அதான பாத்தேன். இத மறுக்க வழியே இல்லியே! விசாரணக் குழு போட்டாவணும். குழு சொன்னா மார்க்க மாத்தித்தான் ஆவணும்." ஆர்வத்தோடு எழுந்து கை கொடுத்தார். நல்ல மனுவைப் பார்க்கிற சந்தோஷம் ஒரு குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

வெற்றிக்களிப்பில் இசக்கியை ஒரு நல்ல சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனேன். சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்கறி போட்ட குழம்பு. மாப்பிள்ளை விருந்துக்குச் செய்வார்களாம். நான் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டிருந்தபோது இசக்கி சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்: "அந்தக் குழு என்ன மாமா செய்யும்?"

"நேரில் போய் விசாரிக்கும். அந்த வீட்டுக்கு. பிறகு அக்கம்பக்கம், ஜமாத். கிராம நிர்வாக அலுவலரிடம் தகப்பன் உயிரோடு இருக்கிறாரா என்று எழுதி வாங்கும். எல்லாம் ஆவணமாகிவிடும். அப்புறம் எவனும் வாயைத் திறக்க முடியாது."

அவள் இலையை மூடிவிட்டாள். "நாளைக்கு அந்த ஊருக்குப் போவணும் மாமா. மரியம்கிட்ட முதல்ல சொல்லணும்."

"களப்பணிக்குப் போகக் கூடாது என்று உன்னை நிறுத்தியிருக்கிறார்களே?"

"களப்பணிக்குப் போவல. விருந்துக்குப் போறோம்."

பஸ் ஆற்றோடு ஒட்டிக் கிழக்கே போயிற்று. வழி நெடுக வாழை, பிறகு வெற்றிலைக் கொடிக்கால். கொற்கைக்குச் சாலை பிரிகிற இடத்தில், கொற்கை விலக்கு என்று ஒரு பலகை வந்தது. பாண்டியர்களின் துறைமுகம் இருந்த இடம். கடல் அதைவிட்டுப் பின்வாங்கி எவ்வளவோ காலமாகிறது. இறங்கிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். பஸ் எனக்காக யோசித்து, அந்த விலக்கைத் தாண்டியதும் டயர் வெடித்து நின்றுவிட்டது. மாற்று டயரும் பழுது. நடத்துநர், "அங்கன ஒரு புளியமரம் இருக்கு, நிழல்ல நில்லுங்க, பின்னால வண்டி வரும்" என்றார். பின்னால் வந்தது வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ. தார்களுக்கு நடுவே என்னையும் ஒரு தார்போல நிறுத்திவைத்து, "தலைய மட்டும் குனிஞ்சிக்கிடுங்க அண்ணாச்சி, கரண்டு கம்பி தாழ இருக்கு" என்று ஓட்டுநர் சொன்னார். சட்டையில் வாழைக்கறையோடு அந்த ஊரில் போய் இறங்கினேன். சென்னைக்கு வந்து வெளுத்துப் பார்த்தும் போகவில்லை.

சந்து குறுகல். வீடுகளுக்குள்ளிருந்து பார்க்கிறார்கள் என்பது தெரியும், ஆளைப் பார்க்க முடியாது. மரியம் கதவைத் திறந்தாள். தலையில் முக்காடு, தோளில் அளவு நாடா. இருபத்திரண்டு வயதுத் தாத்தா. என்னைப் பார்த்து ஒரு கணம் பின்வாங்கினாள்.

"எங்க மாமாதான். பயப்படாண்டாம்" என்றாள் இசக்கி.

"வாங்க. பசியாறிட்டீங்களா?" என்றாள் மரியம். பசியாறுதல் என்றால் அங்கே காலைச் சிற்றுண்டி. நான் அதைத் தர்மசத்திரத்துக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, "பசியெல்லாம் இல்லம்மா" என்று கொஞ்சம் விறைப்பாகச் சொன்னேன். இசக்கி என் காதில் மொழிபெயர்த்தாள். அதற்குள் அவர்கள் தேயிலை என்கிற தேநீரும் முறுக்கும் வந்துவிட்டன. தையல் இயந்திரத்தின் மேல் யாருடையதோ கல்யாண ரவிக்கை பாதியில் கிடந்தது. கொல்லைக் கொடியில் ஒரு பள்ளிச் சீருடை காய்ந்தது. இன்னொன்றைப் போட்டுக்கொண்டு நஸீரா பள்ளிக்கூடம் போயிருந்தாள். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதினவளின் வேலை அது.

ஒருங்கிணைப்பாளர் வந்துபோனதைப் பற்றிக் கேட்டேன். மரியம் குனிந்துகொண்டே சொன்னாள். "தெருவுல நின்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வந்து, ஏன் காலேஜ்ல இருந்து வந்து மௌத்த விசாரிக்காங்க, உங்க வாப்பாவுக்கு ஏதும் ஆயிப்போச்சான்னு கேக்காங்க. எனக்குப் பேசி வச்சிருக்கிற வீட்டுலேயும் கேட்டுவிட்டாங்க. போன வெள்ளிக்கிழமைகூட வாப்பா பேசினாங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

"பேசினாரா?" என்றேன். பழக்கதோஷம்.

அவள் இசக்கியைப் பார்த்தாள். இசக்கி, "சொல்லாண்டாம் தாத்தா" என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தை அக்கா என்றே கேட்டது.

"இல்ல, இவங்க பெரியவங்க" என்று மரியமே சொன்னாள். "வாப்பா பேசி ரொம்ப நாளாச்சு. கூட இருந்தவங்களும் ஊர் மாறிட்டாங்க. அவங்க ஹயாத்தா, உசுரோட இருக்காங்களான்னு எனக்கே தெரியாது. இசக்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். ஊர்ல தெரிஞ்சா கல்யாணம் நிக்கும். பொம்பளப் புள்ளைங்க தனியா இருக்கக்கூடாதுன்னு தங்கச்சியக் கொண்டுபோய் யார் வீட்டுலயாவது விடுவாங்க. அவ திரும்பப் படிப்ப விட்டுருவா."

தகப்பன் செத்துவிட்டான் என்று எழுதிய அந்த அறிக்கை, கடைசியில் சரியாகக்கூட இருக்கலாம். கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தேன்.

ஆனாலும் என் மூளை ஒரு திசையில்தான் ஓடும். குழு வராமலேயே முடிக்க ஒரு வழி தெரிந்தது. "தங்கையை நான்தான் வளர்க்கிறேன், இசக்கி வந்துபோனது உண்மை என்று நீ ஒரு கடிதம் கொடுத்தால் போதும். குழுவைத் தவிர்க்கப் பார்க்கிறேன்" என்றேன்.

"அதுல வாப்பா எங்க இருக்காங்கன்னு எழுதணுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "எழுத வேண்டும். காப்பாளர் நீ என்றால், தகப்பன் ஏன் இல்லை என்று கேட்பார்கள்."

மரியம் சிறிது நேரம் அளவு நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு இசக்கியைப் பார்த்துச் சொன்னாள்: "எழுதித் தாரேன். நீங்க எங்களுக்காக எத்தனை நாள் அலைஞ்சீங்க. உங்க படிப்பு போகக்கூடாது. எங்கள அல்லாஹ் பாத்துக்குவான்."

என் கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. இசக்கி எழுந்து நின்றுவிட்டாள். "வேண்டாம். மாமா, வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. திரும்பிவருகிற பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது என்பதால், புன்னக்காயலுக்குப் போகிற பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்து, கடைசிவரை போய், அதே இருக்கையில் திரும்புவதுதான் அங்கே வழக்கமாம். அப்படிப் போனோம். ஆறு கடலில் சேருகிற இடத்தை நான் பார்த்தது அந்த ஜன்னல் வழியாகத்தான். மலையில் துள்ளிக் குதித்து வந்ததாகச் சொல்லப்படுகிற தண்ணீர் அங்கே கலங்கிப்போய், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "அவளாக முன்வந்து கொடுக்கிறாள். கட்டாயப்படுத்தினோமா? நாலு வரி. உன் பட்டம், உன் வேலை, உன் வருஷம் எல்லாம் அதில் இருக்கிறது. கையில் கிடைத்ததைத் தூக்கி எறிய எந்தப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"இன்னைக்குக் குடுக்கிற மனசுல குடுக்கா மாமா. நாளைக்குக் கல்யாணம் நின்னா அந்த மனசு இருக்குமா? அப்புறம் அந்த வாசல்ல நான் எப்படிப் போய் நிக்க?"

"நீ இனிமேல் அங்கே போகப் போவதே இல்லையே!"

"வேற வாசலுக்குப் போவணும்லா?"

மீன் கூடையோடு ஏறியிருந்த ஓர் அம்மாள் இருக்கைகளுக்கு நடுவே குந்தியிருந்தாள். "காலத் தூக்கிக்கிடுங்க ஐயா, மீன் தண்ணி சொட்டும்" என்றாள். தூக்கிக்கொண்டேன். அவள் என்னையும் இசக்கியையும் மாறி மாறிப் பார்த்தாள். "மருமவளா?"

"ஆமாம்."

"ஏறினதுல இருந்து ஏசிக்கிட்டே வாரீயளே. மவன் ஊர்ல இல்லியோ?"

இசக்கி அந்தப் பயணத்தில் முதன்முறையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தன் வாதத்தைத் தொடர்வது கடினம்.

அடுத்த நாள் மீண்டும் கல்லூரி. மனுவைத் திரும்பப் பெறுவதாக இசக்கி ஒரு கடிதம் நீட்டினாள். கண்காணிப்பாளரின் முகம் விழுந்துவிட்டது. அவருக்காக எனக்கே வருத்தமாக இருந்தது. "ஏம்மா, ஜெயிக்கிற கேஸும்மா இது! குழு போட ஃபைலு ரெடி பண்ணிட்டேன். அண்ணாச்சி, நீங்களாவது சொல்லப்படாதா?"

நான் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சரி, காரணம் போடல பாரு. காரணம் இல்லாம திரும்பக் குடுக்க முடியாது." அது சரிதான். நானும் இப்படிப்பட்ட கடிதங்களைக் காரணமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். இசக்கி பேனாவை வாங்கி, 'சொந்தக் காரணம்' என்று எழுதினாள்.

"சொந்தக் காரணம்னா? பிரசவமா?"

"இல்ல, அண்ணாச்சி."

"வீட்டுக்காரருக்குப் பிடிக்கலியோ?" என்று தாமே முடிவு செய்துகொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வீட்டுக்காரரின் தகப்பனாகிய நான் அந்தப் பார்வையையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். களப்பணியை அடுத்த வருடம் புதிய மாணவர்களோடு முதலிலிருந்து செய்ய வேண்டும். மேற்பார்வை அதே ஒருங்கிணைப்பாளர். அவர் எங்களைத் தாழ்வாரத்தில் பார்த்துத் தலையசைத்தார். உண்மை வென்றதில் அவருக்கு அமைதி.

வாசலில் தேநீர்க் கடையில் நிற்கும்போது குமரன் கூப்பிட்டான். "என்னப்பா ஆச்சு?"

நடந்ததைச் சொன்னேன். அந்த வீட்டுக் கதையைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்பதால், சொன்னதில் பாதி இல்லை. பாதி இல்லாத கதை பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்கும். "ஜெயிக்கிற மனுவை அவளே வாபஸ் வாங்கினாளா? அவளுக்கு என்ன பைத்தியமா? நீங்க பக்கத்துல நின்னுட்டு என்ன பண்ணீங்க? போதும்ப்பா. நாளைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க."

இசக்கி கையை நீட்டினாள். தொலைபேசியைக் கொடுத்தேன்.

"நான்தான் பேசுதேன். ஆமா. இன்னும் ஒரு வருஷம் ஆவும். நீங்க கோவப்படுதது நியாயந்தான், நான் இல்லேங்கல. இல்ல, மாமாகிட்டக் குடுக்க மாட்டேன். கேக்க வேண்டியத எங்கிட்டயே கேளுங்க."

நான் தேநீரை எடுத்துக்கொண்டு பேச்சு காதில் விழாத தூரத்துக்குப் போய் நின்றேன். வெகுநேரம் பேசினார்கள். ஒருமுறை அவள் கண்ணைத் துடைத்தாள். ஒருமுறை குரல் உயர்ந்தது. அதைக் கேட்டுக் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். திரும்பி வந்து தொலைபேசியை என்னிடம் தந்தாள்.

"என்ன சொன்னான்?"

"அவிய யோசிக்கணுமாம். இந்த வருஷத்துக்குள்ள வரலேன்னா தோஹாவுல பாத்த வீட்ட விட்டுக்குடுத்திருவாவளாம். அப்புறம் நடக்கிறத அப்புறம் பாத்துக்கிடலாம்னாவ."

"நீ என்ன சொன்னாய்?"

"நான் யோசிச்சாச்சுன்னேன்."

ஊர் திரும்ப நான் இரண்டு டிக்கெட் எடுத்துவைத்திருந்தேன். ஒன்றை ரத்து செய்வது எப்படி என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கேயே, தேநீர்க் கடை வாசலில் நின்றபடி, செய்தேன்.